மங்களத்தில் விடுபட்ட மதியூகி

கூத்து முடிந்து, திரையை அவிழ்த்து மடித்து, ஆர்மோனியத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டி, மதியூகி வேஷம் கட்டிய தேசிங்கு தேங்காய் எண்ணெய் தடவி முகத்து அரிதாரத்தைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்ப் படுத்து, குறட்டையும் விடத் தொடங்கிய பிறகு, மதியூகி மட்டும் களத்துமேட்டில் சிம்மாசனமாகப் போட்டிருந்த பெஞ்சின்மேல் அப்படியே உட்கார்ந்திருந்தார். தலையில் கண்ணாடிச் சில்லு பதித்த கிரீடம், தோளில் புஜக்கட்டை, காலில் சலங்கை, முகத்தில் மஞ்சள் கலந்த வெள்ளை.

முதலில் பார்த்தவன் மாசிலாமணி, எங்கள் ஊர்க் கூத்து ஜமாவில் கட்டியக்காரன் வேஷம் கட்டிச் சிரிக்க வைக்கிறவன். மறந்துவிட்டுப் போன துண்டைத் தேடிக்கொண்டு திரும்பி வந்தவன், "இன்னாடா தேசிங்கு, இன்னும் வூட்டுக்குப் போவலியா?" என்று கேட்டான்.

"யான் தேசிங்கு அல்லன், கட்டியக்காரனே. அவன் போய்விட்டான். என்னை அனுப்பி வைக்க மறந்துவிட்டீர்கள்."

மாசிலாமணி கொஞ்சநேரம் தலையைச் சொறிந்துகொண்டு யோசித்தான். "ஆமா, மறந்துதான் பூட்டம்," என்று ஒப்புக்கொண்டான். "டீ சாப்புடறியா?"

இரட்டைமதகு என்கிற எங்கள் ஊரில், ஏரி வற்றிக் கிடக்கும் மாசத்தில், அல்லித்தாமரை கூத்து ஆடுவார்கள். கதை இவ்வளவுதான். ஒரே ஏரி, இரண்டு கரை, இரண்டு ராஜா. தண்ணீருக்காகத் தலைமுறைச் சண்டை. மேல்கரை ராஜா மகள் அல்லித்தாமரையும் கீழ்க்கரை ராஜா மகன் பூபாலனும் ஒருவர்மேல் ஒருவர் ஆசைவைக்க, இரண்டு அரண்மனைக்கும் யோசனை சொல்கிற மதியூகியிடம் போய் அழுகிறார்கள். மதியூகி அவர்களுக்கு ரகசியமாக மஞ்சள் கயிறு எடுத்துக் கொடுத்துக் கல்யாணம் செய்துவைத்து, 'பெண்ணே, நீ போய் வறண்ட மதகுக்குள் ஒளிந்திரு, நான் இரண்டு ராஜாக்களையும் பேசி அழைத்துவந்து உங்களைக் காட்டுகிறேன், பகை தீரும்' என்கிறார். மழை பிடித்துக்கொள்கிறது. உள்ளே பெண் இருப்பது தெரியாத மதகுக்காரன், மேல்கரை ராஜாவின் உத்தரவுப்படி கதவைத் தூக்கிவிடுகிறான். தண்ணீர் வரும் சத்தமும் படை வரும் சத்தமும் ஒன்றாகக் கேட்கும்போது மதகு வாயில் நிற்கிற மதியூகி, 'ஆள் கூட்டி வருகிறேன்' என்று சொல்லிவிட்டு இடதுபக்கமாக வெளியேறுகிறார். பூபாலன் வந்து தண்ணீரில் இறங்குகிறான். இருவரும் செத்துப்போகிறார்கள். ராஜாக்கள் கட்டிக்கொண்டு அழுது சமாதானமாகிறார்கள். மதியூகி மறுபடி வருவதே இல்லை. அவர் ஆள் கூட்டி வந்தாரா என்று எங்கள் ஊரில் யாரும் எந்தக் காலத்திலும் கேட்டதில்லை, ஏனென்றால் அவர் இடதுபக்கமாகப் போனதும் வலதுபக்கத்திலிருந்து கட்டியக்காரன் ஓலைக்குடையைத் தலைகீழாகப் பிடித்தபடி வந்துவிடுவான், நாங்கள் சிரிக்க ஆரம்பித்துவிடுவோம்.

விடிந்ததும் மங்களம் பாடுவார்கள். வேஷம் கட்டியவன் வீட்டுக்குப் போவது வேறு, வேஷம் போவது வேறு என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. அதனால் ஒவ்வொரு வேஷத்துக்கும் அது செய்ததைச் சொல்லி, செய்த உறுப்பைச் சொல்லி, விடை கொடுக்க வேண்டும். கதவு தூக்கிய கையே, போய் வா. அழுத கண்ணே, போய் வா. காத்திருந்த கழுத்தே, போய் வா. நனைந்த மார்பே, போய் வா. சிரித்த பல்லே, போய் வா. கடைசிக்கு முன்னால் மதியூகிக்கு ஒரு வரி உண்டு: நல்லது சொன்ன நாவே, போய் வா. மங்களம் முழுதாக முடியும்வரை ஊரில் எந்த நல்ல காரியமும் தொடங்கக் கூடாது. தாலி கட்டக் கூடாது, வாசக்கால் வைக்கக் கூடாது, குழந்தைக்குப் பெயர்கூட வைக்கக் கூடாது.

இந்த வருஷம் கூத்து வாத்தியார் வேடியப்பன் பாடிக்கொண்டே அந்த வரிக்கு வரும்போது எதிரே முதல் வரிசையில் பூங்காவனம் உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டார். அவள் மகள் செவ்வந்தி செத்த பிறகு ஊரில் நடந்த முதல் கூத்து அது, பூங்காவனம் வருவாள் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. மகளின் சிவப்பு சால்வையைப் போர்த்திக்கொண்டு, கொட்டாவி விடாமல், கடலை கொறிக்காமல், பக்கத்தில் இருப்பவளோடு ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருந்தாள். வாத்தியாருக்கு 'நல்லது சொன்ன' வரைக்கும் வாயில் வந்தது, வந்தது அப்படியே உள்ளே போய்விட்டது. ஒரு இருமல் இருமிவிட்டு அடுத்த வரிக்குத் தாவினார். தூக்கக் கலக்கத்தில் பின்பாட்டுக்காரர்களும் கூடவே தாவினார்கள்.

ஆக, மதியூகி மிச்சமாகிப் போனார்.

ஊர் அவரை ஏற்றுக்கொள்ள அதிக நாள் ஆகவில்லை. வெயில் ஏறியதும் யாரோ நான்கு மூங்கில் நட்டுத் தகரம் போட்டார்கள். பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுவந்தார்கள், விறைத்த பாவாடை அதற்குள் அடங்காததால் பெஞ்சே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். கிராம உதவியாளர் வந்து பார்த்து, இவரை எந்த வீட்டு ரேஷன் கார்டில் சேர்ப்பது என்று கேட்க, மாசிலாமணி, "தேசிங்கு கார்டுலயே சேரு, மூஞ்சி அதுதான, கைரேக மட்டும் அரிதாரத்தோட வுழும்," என்றான். கிரீடத்துச் சில்லுகளில் பட்ட வெயில் எதிரே பள்ளிக்கூடச் சுவரில் சின்னச் சின்னப் பொட்டுகளாக விழுந்து, பொழுது நகர நகரச் சுவரைக் கடந்து ரேஷன் கடைச் சுவருக்குப் போகும். பொட்டு ரேஷன் கடையைத் தொட்டால் உலை வைக்கிற நேரம் என்று பெண்கள் கணக்கு வைத்துக்கொண்டார்கள். அவர் தூங்கவில்லை, சாய்ந்து உட்காரவும் இல்லை. யாராவது பக்கத்தில் போனால் சலங்கை மெல்ல ஒருமுறை ஒலிக்கும். போய்விட்டால் நின்றுவிடும். அந்தப் பெரிய களத்தில், கிரீடம் வைத்த ஒரு மனிதர், தன் நிழலைத் தவிர எதுவும் பக்கத்தில் இல்லாமல், இடதுபக்கம் பார்த்தபடியே இருப்பதைப் பஸ்ஸில் போகிறவர்கள்கூடப் பார்த்துப் பழகிவிட்டார்கள்.

முதலில் அவரிடம் யோசனை கேட்கத்தான் போனார்கள். மதியூகி வேஷம் கட்டுகிறவனிடம் யோசனை கேட்பது இந்த ஊர் வழக்கம். தேசிங்கு கம்பெனிக்கு ஆள் ஏற்றும் வேன் ஓட்டுகிறவன்தான், ஆனாலும் கிணறு வெட்டவும் சம்பந்தம் பேசவும் கோர்ட்டுக்குப் போகவும் அவனைத்தான் கேட்பார்கள். அவன் அப்பா கட்டியபோது அப்பாவைக் கேட்டார்கள். இப்போது வேஷமே நேரில் இருக்கும்போது கேட்காமல் இருப்பார்களா? வரிசையில் நின்றார்கள். மதியூகி எல்லோரையும் வணங்கி, எல்லோரிடமும் ஒன்றையே சொன்னார்: "யான் இனி யோசனை சொல்வதில்லை. எனக்கான வரியைச் சொல்லி என்னை அனுப்புங்கள்."

அது ஒன்றும் பெரிய காரியமாகத் தெரியவில்லை. பஞ்சாயத்துத் தலைவர் கோவர்த்தனத்தின் பெண்ணுக்குப் பத்திரிகை அடித்து, மண்டபம் பிடித்து, எல்லாம் தயாராக இருந்தது. மங்களம் முடியாமல் தாலி ஏறாது. அவரே வாத்தியாரை வண்டியில் உட்காரவைத்து அழைத்துவந்தார். வாத்தியார் தொண்டையைச் செருமிக்கொண்டு, நல்லது சொன்ன நாவே போய் வா என்று, முறையாக, ராகத்தோடு பாடினார்.

மதியூகி எழுந்திருக்கவில்லை. "அது என் வரி அல்ல, ஐயா," என்றார்.

"காலங்காலமா அதான பாடறம்?"

"காலங்காலமாக அதைக் கேட்டுக்கொண்டு போய்விட்டேன். இந்த முறை அது சொல்லப்படாமல் நின்றதால் யோசிக்க நேரம் கிடைத்தது."

வேறு வரிகள் பாடிப் பார்த்தார்கள். விதியோடு தோற்ற மதியே, போய் வா. பாவம் அறியாத நெஞ்சே, போய் வா. பகை தீர்த்த புத்தியே, போய் வா. தமிழாசிரியர் வெண்பாவில் ஒன்று எழுதிவந்தார். வெகுநாள் வெளிதேசத்தில் இருந்துவிட்டுத் திரும்பியவன், இரண்டு பாஷை படித்தவன் என்பதால் என்னையும் கேட்டார்கள், நானும் ஒரு வரி சொன்னேன், அதில் சூழ்நிலை என்ற சொல் வந்ததும் மாசிலாமணி, "இது ஆபீசு பேச்சு, போய் வான்னு சொல்லல, பொறவு வான்னு சொல்லுது," என்றான். எல்லா வரிகளும் அன்பான வரிகளாகவே இருந்தன. ஒவ்வொன்றையும் கேட்டு மதியூகி தலையை ஆட்டினார், ஒவ்வொரு முறையும் சில்லு வெளிச்சம் பள்ளிக்கூடச் சுவரில் இடமும் வலமுமாகச் சிதறியது. ஊரே சேர்ந்து அவரைத் தேற்றியது. உங்கள்மேல் தப்பில்லை, நல்ல மனசோடுதானே சொன்னீர்கள், மழைக்கு நீங்கள் என்ன செய்வீர்கள்? தேற்றத் தேற்ற அவர் இன்னும் தனியாகிக்கொண்டே போனார். அவர் சொல்ல வந்ததைக் காதில் வாங்காமல் இருக்க நாங்கள் கண்டுபிடித்திருந்த வழி அந்த அன்பு.

எங்களுக்கும் காரணம் இருந்தது. 'அந்த ஏஜெண்டை நம்பி மலேசியா போடா' என்று தங்கச்சி மகனுக்குச் சொன்னவர் எங்களில் இருந்தார். 'கொஞ்சம் பொறுத்துக்கோ, குழந்த பொறந்தா அவன் கைநீட்டறது நின்னுடும்' என்று பெண்ணை மறுபடி பஸ் ஏற்றி அனுப்பிய அம்மா இருந்தாள். 'ஆஸ்பத்திரி வேணாம், ரெண்டு நாள் பாக்கலாம்' என்று சொன்னவர்கள் தெருவுக்கு ஒருவராவது இருந்தோம். சொன்ன நாவுக்கு ஒரு கெட்ட வரி உண்டு என்று ஒருமுறை ஒப்புக்கொண்டால், அந்த வரி களத்துமேட்டோடு நிற்காது, தெருவுக்குள் வந்துவிடும் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

தேசிங்கு மட்டும் களத்துப்பக்கம் வரவே இல்லை. வேனைக்கூட ஏரிக்கரை சுற்றி எடுத்துப்போனான். "உன்ன அங்க வுட்டுட்டு வந்துட்ட, தரைவாடகை யாருடா குடுக்கறது?" என்று மாசிலாமணி டீக்கடையில் கேட்டபோது, பாதி டீயை வைத்துவிட்டு எழுந்துபோனான்.

பூங்காவனம் ஒருத்திதான் மதியூகியைத் தேற்றவில்லை. தினமும் மத்தியானம் தூக்கில் கேழ்வரகுக் கூழ் கொண்டுவருவாள், ஊற்றி வைப்பாள், மோர்மிளகாய் இரண்டு வைப்பாள், "சாப்புடு," என்பாள், போய்விடுவாள். அவ்வளவுதான் பேச்சு. ஏன் கொண்டுவருகிறாள் என்று யாரும் கேட்கவில்லை. அவள் புருஷன் எப்போதோ இறந்துவிட்டான், இருந்த ஒரே மகளும் இல்லை, ஒரு ஆளுக்கு மட்டும் கூழ் காய்ச்ச அவளுக்குக் கை வரவில்லை என்று நாங்களே ஒரு காரணம் வைத்துக்கொண்டோம்.

ஒரு நாள் அவள் போகவில்லை. கூழை வைத்துவிட்டு, தகர நிழலில் எதிரே உட்கார்ந்தாள். மண்டபத்துக்கு முன்பணம் கட்டிய கவலையில் வந்திருந்த கோவர்த்தனமும், வாத்தியாரும், நாங்கள் சிலரும் அங்கே இருந்தோம்.

"அந்தப் பொண்ண மதகுல ஒக்காரவெச்சியே," என்றாள், "மழ வரும்னு ஒனக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியும், தாயே. மேற்கே மின்னியதைக் கண்டேன்."

"மதகுக்காரங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்ல?"

"சொல்லியிருக்கலாம்."

"ஏன் சொல்லல?"

மதியூகி கூழைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இரண்டு ராஜாக்களும் கைகோத்து நிற்கையில், இதைச் செய்துவைத்தது யார் என்று கேட்பார்கள். அப்போது யான் ஒருவன் மட்டும் முன்னே வரவேண்டும் என்று இருந்தேன்."

"ம். தண்ணி சத்தம் கேட்டப்ப எங்க நின்ன?"

"மதகு வாயில். அவள் கை எனக்கு எட்டும்."

"கையக் குடுத்தியா?"

"ஆள் கூட்டி வருகிறேன் என்றேன்."

"கூட்டியாந்தியா?"

யாரும் அதுவரை கேட்காத கேள்வி கேட்கப்பட்டுவிட்டது. சலங்கை ஒலித்தது, யாரும் அருகே போகாமலே ஒலித்தது. "படைவீரர் காலடி கேட்டது," என்றார் மதியூகி. "அவர்கள் என்னை அங்கே பார்த்துவிடக் கூடாது என்றுதான் முதலில் தோன்றியது, தாயே. அவளைப் பற்றி அப்புறம்தான் தோன்றியது. அதற்குள் யான் ஓடிவிட்டிருந்தேன்."

கோவர்த்தனம் அவசரமாக, "பயத்துல யாரா இருந்தாலும் அப்பிடித்தான்..." என்று ஆரம்பித்தார். பூங்காவனம் அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"சாப்புடு," என்று மதியூகியிடம் சொல்லிவிட்டு, சால்வையை இழுத்துச் செருகிக்கொண்டு அவள் எழுந்து நடந்தாள். தேசிங்கு வீட்டுப்பக்கம் போகிறாள் என்று தெரிந்ததும் நாங்களும் கொஞ்சம் தள்ளித் தள்ளிப் பின்னால் போனோம்.

தேசிங்கு வாசலில் வேன் டயரைக் கழற்றிப் போட்டுக்கொண்டு குந்தியிருந்தான். அவளைப் பார்த்ததும் எழுந்தான், எழுந்தவன் என்ன செய்வது என்று தெரியாமல் மறுபடி குந்தினான். "வாம்மா பூங்காவனம்," என்றான்.

"ண்ணா, எம்பொண்ணு ஏரிக்கு அந்தாண்டப் பையன ஆசப்பட்டுது, ஒங்கிட்ட யோசன கேட்டுது, நீ ஒன் நெலத்து மோட்டார் கொட்டாயில ஒக்காரவெச்ச. இது ஊருக்கே தெரியும், போலீசுக்கும் தெரியும். நா அதக் கேக்கல. என்கிட்ட ஏன் சொல்லல?"

"பொண்ணோட சித்தப்பனுங்ககிட்ட பேசி முடிச்சிட்டு, ரெண்டு பேரையும் ஒன் வாசல்ல கொண்டாந்து நிறுத்தலாம்னு இருந்தம்மா."

"நீ கொண்டாந்து நிறுத்தலாம்னு."

"ஆமா. நான்."

"பொண்ணோட செல்போன எதுக்கு அணைக்கச் சொன்ன?"

"வேற யார்னா கொழப்பிடப் போறாங்கன்னுட்டு."

"சித்தப்பனுங்க வண்டி சத்தம் கேட்டப்ப எங்க நின்ன?"

தேசிங்கு டயரில் ஒட்டியிருந்த ஒரு கல்லை நகத்தால் நெம்பினான். அது வரவில்லை. "கொட்டா வாசல்ல. மழ தூறிக்கினு இருந்திச்சி. நான் போயி ஆள் கூட்டியாரன்னு சொன்னன். கூட்டியார்றதுக்குத்தான் போனன்னு போலீசுலயும் சொன்னன்."

"போலீசு கெடக்கட்டும். அது இன்னா சொல்லிச்சி?"

தெருவில் போன ஒரு கோழி அவன் ஸ்பேனரைச் சுற்றிக்கொண்டு போனது.

"'மாமா, போவாத'ன்னு சொல்லிச்சி," என்றான்.

உண்மையில் அன்றைக்கு அவன் கரும்புத் தோட்டத்தில் ஒளிந்திருந்தான், யாரையும் கூட்டிவரப் போகவில்லை. வண்டிகளுக்குப் பயந்து கொட்டாயை விட்டு ஓடிய பெண் மழையில் கிணற்று மேட்டில் வழுக்கி உள்ளே விழுந்துவிட்டாள். சித்தப்பாக்கள் வழக்குக்கு அலைகிறார்கள், அந்தப் பையன் ஊரைவிட்டே போய்விட்டான். துரத்தியவர்களுக்கான வரியை ஊர் எப்போதோ உள்ளுக்குள் சொல்லிவிட்டது. தேசிங்குக்கு மட்டும் நாங்கள், நல்ல மனசோடுதானே சொன்னாய் என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.

பூங்காவனம் அழவில்லை. "அதத்தான் கேக்கணும்னு இருந்தன்," என்றாள். "கடைசியா அது பேசினது இன்னான்னு எனக்குத் தெரியாமயே இருந்திச்சி." பிறகு திரும்பி, கூட்டத்துக்குள் நின்ற வேடியப்பன் வாத்தியாரைப் பார்த்தாள். "வாத்தியாரே, அந்த மங்களத்த எந்த சுருதியில எடுப்பீங்க?"

பெண்கள் மங்களம் பாடும் வழக்கம் இல்லை. யாரும் அதைச் சொல்லவில்லை. "நல்ல வரியா பாடும்மா, எம்பொண்ணு கல்யாணம் நிக்குது," என்று கோவர்த்தனம் மட்டும் மெதுவாகச் சொன்னார். வாத்தியார் ஆர்மோனியத்தைக் களத்துக்குக் கொண்டுவரச் சொல்லி, தானே துருத்தியை அழுத்தினார். அவள் குரல் தண்ணீர் இறைக்கிற உருளைபோல இருந்தது. கையும் கண்ணும் கழுத்தும் மார்பும் எல்லாம் வரிசையாகப் போயின. மதியூகியின் முறை வந்தபோது அவள் நிறுத்தவில்லை, இருமவில்லை.

விட்டு ஓடின காலே, போய் வா.

நாவைப் பற்றியே இத்தனை நாள் பேசிக்கொண்டிருந்தோம். அவர் குனிந்து, ஒவ்வொரு முடிச்சாக அவிழ்த்து, சலங்கைகளைக் கழற்றிப் பெஞ்சின்மேல் வைத்தார். கிரீடம் சாயாமல் பூங்காவனத்தை வணங்கினார். பிறகு எழுந்து, இடதுபக்கமாக, ஏரிக்கரையேறி மதகை நோக்கி, சத்தமே இல்லாமல் நடந்தார். வெளிச்சப் பொட்டுகள் பள்ளிக்கூடச் சுவரிலிருந்து புளியமரத்துக்கும், புளியமரத்திலிருந்து வறண்ட ஏரி மண்ணுக்கும் போய், ஒரு தரம் மதகுக் கல்லின்மேல் நடுங்கி, இல்லாமல் போயின. அன்றைக்கு எந்த நேரத்துக்கு உலை வைப்பது என்று தெரியாமல் வீட்டுக்கு வீடு சோறு தாமதமானது.

மறுநாள் காலையில் பெஞ்சின்மேல் தேசிங்கு உட்கார்ந்திருந்தான். அரிதாரம் இல்லை, கிரீடம் இல்லை. வேன் ஓட்டுகிற காக்கிச் சட்டை, கிரீஸ் படிந்த கை. மாசிலாமணி போய், "எழுந்து வாடா, வேனுக்கு ஆளுங்க நிக்கறாங்க," என்று தோளைப் பிடித்து இழுத்தான். கால் தரையை விட்டு வரவில்லை. "எனக்கு இன்னும் வரி சொல்லல, மாசிலாமணி," என்றான் தேசிங்கு. மாசிலாமணி தோளை விட்டுவிட்டு, தகரம் பறக்காமல் இருக்க அதன்மேல் ஒரு கல்லை எடுத்து வைத்துவிட்டு வந்தான்.

கூத்தின் மங்களம் முடிந்துவிட்டதால் ஊரில் காரியங்கள் தொடங்கின. கோவர்த்தனத்தின் பெண்ணுக்குத் தாலி ஏறியது. கல்யாண ஊர்வலம் பேண்டு வாத்தியத்தோடு களத்துமேட்டுக்கு வந்தபோது, பெஞ்சு இருக்கும் இடத்தில் ஆறு பாறையைச் சுற்றிப் போவதுபோல இரண்டாகப் பிரிந்து அப்பால் போய் ஒன்றானது. அவனிடம் யோசனை கேட்க யாரும் வரவில்லை. தப்பில்லை என்று தேற்றவும் யாரும் வரவில்லை.

மத்தியானம் பூங்காவனம் வந்தாள். தூக்கைத் திறந்து, கூழை ஊற்றி, மோர்மிளகாய் இரண்டு வைத்தாள். தேசிங்கு அண்ணாந்து அவள் வாயையே பார்த்தான். வரி அவளுக்குத் தெரியும். ஆர்மோனியம்கூட வேண்டியதில்லை, அவள் அதை முணுமுணுத்தால் போதும் என்று அவனுக்கும் தெரியும், தூரத்தில் நின்ற எங்களுக்கும் தெரியும். அவள் சால்வையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"சாப்புடு," என்றாள்.